சிவராசா அங்கிளுக்கு ஒரு காமிக்ஸ்

சில மாதங்களாக இந்தப் பக்கத்தில் சூப்பர் ஹீரோ படம் எதைப் பற்றியும் நான் வாய் திறக்கவில்லை. ஏன் என்று கேட்டு ஒரு வாசகர் மின்னஞ்சல் போட்டிருந்தார். ஒரே ஒருவர்தான். மற்றவர்கள் நிம்மதியாக இருந்திருக்கிறீர்கள் என்று தெரிகிறது... பரவாயில்லை. அந்த ஒருவருக்காக எழுதுகிறேன்.

என்னோடு உட்கார்ந்து படம் பார்க்கிறவர் உடம்புக்கு முடியாமல் போனார். போன சனிக்கிழமை மெல்பேர்னுக்கே குடிபோய்விட்டார். லாரி வந்து சாமான்களை ஏற்றிக்கொண்டு போனது. அவர் போனதற்கு நானும் ஒரு காரணம். முதல் காரணம் பக்கவாதம்.

சிவராசா அங்கிள் பரமட்டாவில் எங்கள் அடுக்குமாடியின் எதிர்வீட்டுக்காரர். எழுபதைத் தாண்டியவர். கொழும்பில் ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில் சேத மதிப்பீடு செய்துகொண்டிருந்தவர். எரிந்துபோன கடை, கவிழ்ந்த லொறி, இடிந்த மதில் — எதுவானாலும் நேரில் போய்ப் பார்த்து, என்ன மிஞ்சியிருக்கிறது என்று சொல்வது அவர் வேலை. இப்படிப்பட்ட ஒருவர் சூப்பர் ஹீரோ படத்தை எப்படிப் பார்ப்பார்?

மிகுந்த கவலையோடு பார்ப்பார்.

திரையில் நாயகன் வில்லனைத் தூக்கி ஒரு பெரிய கட்டடத்தின் மேல் எறிவான். நான் கை தட்டுவேன். அங்கிள் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிடுவார்.

"தம்பி, இந்த பில்டிங்கை ஆர் திருப்பிக் கட்டுறது?"

"அது சும்மா படம், அங்கிள்."

"படம்தான். எண்டாலும் சனம் வேலை செய்யிற இடமெல்லே?"

ஆனாலும் ஒரு சனிக்கிழமைகூடத் தவறாமல் வருவார். எங்கள் வீட்டில் அவருக்கு மட்டும்தான் என் காமிக்ஸ் அலமாரிமீது மரியாதை. என் மனைவி உமாவுக்கு அது தூசி படியும் இடம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பகலில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் நான், வார இறுதிகளில் சொந்தமாக ஒரு காமிக்ஸ் வரைகிறேன். பல வருஷமாக வரைகிறேன். முடியவில்லை. முகம் வரும், கட்டடம் வரும், ரயில்கூட வரும். கை மட்டும் வராது. விரல்களைப் போட்டால் இஞ்சிக் கிழங்கு மாதிரி ஆகிவிடும். அதனால் என் நாயகன் உலகத்தை எப்போதும் பேன்ட் பாக்கெட்டுக்குள் கையை விட்டபடியேதான் காப்பாற்றுகிறான்.

உமா பக்கங்களைப் பார்த்து, "நல்லாருக்கு" என்பாள். பெரும்பாலும் நான் காட்டுவதற்கு முன்பே சொல்லிவிடுவாள். உண்மையாகப் படித்தவர் அங்கிள் ஒருவர்தான். படித்துவிட்டு, "சண்டை காணும் தம்பி. கதை எங்க?" என்று கேட்டார். 'காணும்' என்றால் அவர்கள் பேச்சில் 'போதும்'.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஒரு ஞாயிறு காலை அங்கிள் பல் துலக்கும் இடத்தில் சரிந்து விழுந்தார்.

பல வாரம் ஆஸ்பத்திரி. வீட்டுக்கு வந்தபோது வலது கையும் காலும் பாதி வேலைநிறுத்தம் செய்தன. பேச்சு போய்விட்டது. முழுவதும் போகவில்லை — ஒரு சொல் மட்டும் மிஞ்சியது.

"சரி."

அவ்வளவுதான். அவர் மனைவி யோகம் அன்ரி முதல் நாளே என்னிடம் விளக்கினார். "இவருக்கு எல்லாம் விளங்குது தம்பி. நாங்கள் கதைக்கிறது முழுக்க விளங்குது. திருப்பிச் சொல்லத்தான் ஏலாமல் கிடக்கு."

பசிக்கிறதா என்று கேட்டால், சரி. வயிறு நிறைந்துவிட்டதா, சரி. கால் வலிக்கிறதா, சரி. ஃபேனைப் போடவா, சரி. போட்டதும் குளிரில் நடுங்கிக்கொண்டே மறுபடியும், சரி. கோபம் வந்தால் அதையே உரக்க, மூன்று நான்கு முறை சொல்வார். முகம் சிவந்து, கண் கலங்கி, இடது கையால் மேசையைத் தட்டி — சரி, சரி, சரி! எதிரே இருப்பவர்கள் என்ன செய்வார்கள்? சரி என்றுதானே சொல்கிறார் என்று போய்விடுவார்கள்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வீட்டுக்கு வந்தாள். நல்ல பெண். பொறுமைசாலி. பேச முடியாதவர்கள் தொட்டுக் காட்டுவதற்கென்றே ஒரு கட்டு பட அட்டைகள் கொடுத்தாள். அதில் சாண்ட்விச் இருந்தது. பார்பிக்யூ இருந்தது. கடற்கரையில் தொப்பி போட்ட ஒரு தாத்தா இருந்தார். அங்கிள் அந்த சாண்ட்விச்சை நெடுநேரம் பார்த்தார். ஒரு சேதத்தைப் பார்க்கும் பார்வை அது.

"வீட்டுல நாமே வரைஞ்சு வெச்சா பரவாயில்லையா?" என்று நான் அவளிடம் கேட்டேன். அதுதான் இன்னும் நல்லது என்றாள்.

வாழ்க்கையில் முதல்முறையாக என் பொழுதுபோக்குக்கு ஒரு வேலை வந்தது.

முதலில் தேத்தண்ணி வரைந்தேன். ஆவி பறக்கும் டபரா டம்ளர். அங்கிள் அதைத் தள்ளிவிட்டார். மறுபடி வைத்தேன். மறுபடி தள்ளினார். "தம்பி, இதென்ன, பூக்கண்டு வைக்கிறதோ?" என்று அன்ரி கேட்டார். பூச்செடி வைக்கும் தொட்டி என்று நினைத்துவிட்டார். கைப்பிடி வைத்த கோப்பையாக மாற்றினேன். ஏற்றுக்கொள்ளப்பட்டது. இடியாப்பம் வரைந்தேன். அதைப் பார்த்து அங்கிள் சிரித்தார். வாய் ஒரு பக்கமாகக் கோணியது. ஆனால் சிரிப்புதான். விழுந்த நாளிலிருந்து அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று அன்ரி சொன்னார். அந்த இடியாப்பத்தை நான் திருத்தவில்லை.

பிறகு புட்டு, சம்பல், போர்வை, கால் வலி, கோயில், டி.வி., ஜன்னலோரம் அவர் எப்போதும் உட்காரும் சாய்வுக் கதிரை. ஆட்களையும் வரைந்தேன். அங்கிள், குசினியில் அடுப்புக்கு முன்னால் நிற்கும் அன்ரி, மெல்பேர்னில் இருக்கும் மகன் கஜன், நான். எல்லோரும் முழங்கையோடு முடிந்துபோனோம்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை அங்கிள் இடது கையால் என் படத்தை நகர்த்தினார். அதன் பக்கத்தில் டி.வி. படத்தை வைத்தார். என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நாளைக்கா, அங்கிள்?"

"சரி."

நான் பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

போன மாதம் கஜன் வந்தான். அப்பாவையும் அம்மாவையும் மெல்பேர்னுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று முடிவோடு வந்திருந்தான். அவன் வீட்டில் கீழ்த்தளத்தில் அறை இருக்கிறது. அவன் மனைவி நர்ஸ். இங்கே என்ன இருக்கிறது? அங்கிளைத் தூக்கப் போய் அன்ரி ஒருமுறை குளியலறையில் வழுக்கி விழுந்திருக்கிறார். அதை ஒருவரிடமும் சொல்லவில்லை. கஜன் கண்ணில் பட்டது முழங்கைக் காயம்தான்.

அன்ரி அசையவில்லை. "அவர் இந்த வீட்டை விட்டு வரமாட்டார். டொக்டர், கோயில், கடை எல்லாம் கிட்ட. எனக்குத் தெரியாதே அவரை?"

"அம்மா, நான் அப்பாட்டக் கேட்டனான். சரி எண்டு சொன்னவர்."

"அவர் மைக்ரோவேவுக்கும் சரி எண்டுதான் சொல்றார்."

கஜன் இங்கிலீஷுக்கு மாறினான். அன்ரி குசினிக்கு மாறினார். கொஞ்ச நேரத்தில் கஜன் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினான்.

"அண்ணா, அந்தப் படங்களை வச்சு நீங்களே அப்பாட்டக் கேளுங்கோ. அம்மா நான் கேட்டா நம்பமாட்டா."

நான் நடுநிலையாளன் இல்லை. அவர்கள் போவதில் எனக்கும் விருப்பம் இல்லை. அன்ரி சொல்வதுதான் உண்மை என்று நம்பினேன். நம்புவதற்கு வசதியாகவும் இருந்தது.

அட்டைகளை மேசையில் பரப்பினேன். "அங்கிள், இங்கயே இருக்கணுமா, கஜன்கூடப் போகணுமா? அவசரம் இல்ல. மெதுவா காட்டுங்க."

அவர் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளித் தேடினார். கஜனின் படத்தை எடுத்தார். மேசையில் காலியாக இருந்த இடத்தைத் தட்டினார். மறுபடி தேடினார். மறுபடி தட்டினார். சரி, சரி!

எனக்கு உறைத்தது. மெல்பேர்னுக்குப் படமே இல்லை. அங்கிளுக்கு வேண்டியது எல்லாம் வரைந்தேன் என்று நினைத்திருந்தேன். எனக்குத் தோன்றியதை எல்லாம்தான் வரைந்திருக்கிறேன். படம் இல்லாததை அவர் எப்படிக் கேட்பார்?

ஒரு அட்டையை எடுத்து மெல்பேர்ன் தெருவில் ஓடும் ட்ராம் வண்டியும், பக்கத்தில் ஒரு வீடும், வாசலில் கஜனும் வரைந்தேன். பேனாவை மூடுவதற்குள் அங்கிள் அதை இழுத்துக்கொண்டார். அதன்மேல் தன் படத்தை வைத்தார்.

அன்ரி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கையில் துடைக்கிற துணி.

அங்கிள் முடிக்கவில்லை. அன்ரியின் படத்தை எடுத்தார். அடுப்புக்கு முன்னால் நிற்கும் அந்தப் படம். அதைக் குப்புறக் கவிழ்த்தார். பிறகு ஜன்னலோரக் கதிரையின் படத்தைத் தேடி எடுத்தார். அதை ட்ராமுக்குப் பக்கத்தில் வைத்தார். கவிழ்த்த படத்தைக் கொண்டுபோய் அந்தக் கதிரையின் மேல் வைத்தார். விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

எனக்குப் புரியவில்லை. கஜனுக்குத்தான் முதலில் புரிந்தது.

"அம்மா... அங்க வந்தா நீங்க இருக்கலாம் எண்டு சொல்றார். அடுப்படியில நிக்கவேண்டாம். கதிரையில இருங்கோ எண்டு."

"ஆர் நிக்கிறது? நான் சும்மா—" என்று ஆரம்பித்த அன்ரி தன்னையே குனிந்து பார்த்தார். நின்றுகொண்டுதான் இருந்தார். ஒரு கதிரையை இழுத்து உட்கார்ந்தார். துணியை மடியில் வைத்து நான்காக மடித்தார்.

"இவ்வளவு நாளும் ஒருத்தரும் என்னை இரு எண்டு சொல்லேல்லை" என்றார்.

அங்கிள் அவரைப் பார்த்து மெதுவாக, "சரி" என்றார். நான் கேட்ட சரிகளிலேயே அதற்குத்தான் அர்த்தம் தேட வேண்டியிருக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்ய ஒன்றுதான் இருந்தது. புதிதாக ஒரு அட்டை. அன்ரி சாய்வுக் கதிரையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடிக்கிறார். கோப்பையைப் பிடிக்க ஒரு கை வேண்டுமே... தப்பிக்க வழியில்லை. ஐந்து விரலும் போட்டேன். சுமாராக வந்தது. அங்கிள் அதைத் தூரத்தில் பிடித்து, கிட்டத்தில் பிடித்து, பழைய தொழில்முறைப்படி பரிசோதித்தார். தள்ளிவிடவில்லை.

லாரி போன அன்று உமா, "இன்னிக்கு நான் உன்கூடப் படம் பார்க்கிறேன்" என்றாள். பார்த்தாள். நகரம் பாதி இடிந்தபோது நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பவில்லை. நான் மட்டும் இடிந்த கட்டடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குள் யாராவது வேலை செய்துகொண்டிருந்திருப்பார்களே!

முந்தாநாள் அன்ரி போன் செய்தார். குரலில் ஒரு பரபரப்பு.

"தம்பி, அவருக்கு இன்னொரு சொல்லு வந்திட்டுது!"

"அப்படியா! என்ன சொல்லு, அன்ரி?"

"வேண்டாமாம். காலமையில இருந்து அதுதான். பாண் குடுத்தா வேண்டாம். மருமகள் எடுத்து வச்ச சேர்ட் வேண்டாம். நான் பாட்டுப் போட்டா அதுவும் வேண்டாம்."

சொல்லிவிட்டு அன்ரி அழுதார். பிறகு சிரித்தார். பின்னால் அங்கிளின் குரல் தெளிவாகக் கேட்டது. போனை வைக்கச் சொல்கிறார்போல.

எத்தனையோ வீடுகளில் கணவன்மார் 'வேண்டாம்' என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒரு மனைவி அதைக் கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்டு நான் பார்த்ததே இல்லை.