‘அல்லது’ என்றால் ஒன்று போதும்

போன திங்கட்கிழமை மேட்டூரில் ஓர் ஆலை ஆபீசில் தலை நிமிர முடியாமல் நின்றேன். காரணம்? அல்ஜீப்ரா!

என் அடுத்த வீட்டுக்காரர் செங்கோடன். சென்ற மகாயுத்தத்தில் பட்டாளத்தோடு கடல் தாண்டி பஸ்ரா வரை போய் வந்தவர். வயது நாற்பத்தொன்று. இரண்டு வருஷமாக மழை இல்லை, காட்டில் விளைச்சலும் இல்லை. அந்த ஆலையில் வாட்ச்மேன் வேலைக்கு விளம்பரம் வந்தது. இதுவும் கிடைக்காவிட்டால் குடும்பத்தோடு ஊரை விட்டே போக வேண்டியதுதான் என்றார்.

விளம்பரம் இங்கிலீஷில். படித்துச் சொன்னவன் நான். ‘வயது இருபத்தைந்துக்கு மேல், முப்பத்தைந்துக்குக் கீழ், அல்லது, பட்டாளத்தில் இருந்தவரானால் நாற்பத்தைந்துக்குக் கீழ்.’

“வயசு ஒதைக்குதேங்க...” என்றார் செங்கோடன்.

“முப்பத்திரெண்டுன்னு போட்டுருவோமுங்க. பட்டாளத்தையும் எழுதிருவோம். ரெண்டும் இருந்தா இன்னும் பலமுங்க.”

வேலைக்கு என்றால் வயதைக் குறைப்பது எங்கள் பக்கத்து வழக்கம்தானே?

மேனேஜர் மனுவையும் பார்த்தார், டிஸ்சார்ஜ் காகிதத்தையும் பார்த்தார்.

“பட்டாளத்தில் சேர்ந்து இருபத்தோரு வருஷம். இப்போ வயசு முப்பத்திரண்டு. அப்படின்னா... பதினோரு வயசிலேயே துப்பாக்கி தூக்கினாயா?”

செங்கோடன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

வயதை எக்ஸ் என்று வைத்துக்கொண்டால், எக்ஸ் முப்பத்தைந்துக்குக் குறைவு. இருபத்தோரு வருஷத்துக்கு முன் பட்டாளத்தில் சேர்ந்தவர் என்றால், அப்போது வயது பதினைந்துதான் என்று வைத்தாலும், அதே எக்ஸ் முப்பத்தாறாவது இருக்க வேண்டும். கோடு போட்டுக் குறித்தால் இரண்டும் எங்கேயும் சேராது... அப்படி ஓர் ஆளே உலகத்தில் கிடையாது! ‘அல்லது’ என்று இருந்தால் ஏதாவது ஒன்று பொருந்தினால் போதும். பள்ளிக்கூடத்தில் இந்தக் கணக்கைச் சரியாகப் போட்டு மார்க் வாங்கியவன் நான். ஆனால் பயம் வந்துவிட்டால் எல்லா நிபந்தனையும் நம் தலைமேல்தான் என்று தோன்றிவிடுகிறது.

“சார்... தப்பு என்னுதுங்க. அவருக்கு நாப்பத்தொண்ணு. கொறச்சு எழுதுனது நானுங்க.”

நாலு பேர் முன்னால் நான் இவ்வளவு நீளமாகப் பேசியது அதுதான் முதல் தடவை.

“நிஜம்தானா?” என்றார் மேனேஜர்.

“ஆமாங்க. எனக்கும் புத்தி எட்டலீங்க,” என்றார் செங்கோடன்.

மேனேஜர் பேனாவை என் பக்கம் நீட்டினார். “திருத்து. எனக்கு வேண்டியதே பழைய பட்டாளத்துக்காரன்தான்.”

முதல் தேதியிலிருந்து டியூட்டி. கேட்டைத் தாண்டியதும் செங்கோடன் சிரித்தார். “ஏனுங்க, முப்பத்திரெண்டு, முப்பத்திரெண்டுன்னு வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிட்டு வந்தனே... அத்தனையும் வீணுங்களா?”

ஒரே நாளில் ஒன்பது வயது கூடிப்போன மனிதர் இவ்வளவு குஷியாக நடந்து நான் பார்த்ததில்லை!