ஜும்மாவுக்கு முன் முடிந்த வழக்கு

அக்குறணையில் என் கடைக்கு வந்த ஒருவரிடம் பழைய போன் ஒன்றை வாங்கினேன். அது திருட்டுப் போன் என்று பொலிஸார் வந்த பிறகுதான் தெரிந்தது.

வழக்கு ஒரு வெள்ளிக்கிழமை. நீதிமன்ற வாசலில், என்னை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடும் பக்கத்துக் கடை நியாஸ், "ஒத்துக்கிட்டா இண்டைக்கே முடிஞ்சிடும் நானா. ஜும்மாவுக்குப் போயிடலாம்" என்றார். சட்டத்தரணியிடம் கேட்காமலே, தெரிந்துதான் வாங்கினேன் என்று ஒப்புக்கொண்டேன். தண்டத்தோடு விட்டார்கள். நிம்மதியாகத் தொழுதேன்.

பிறகு கடை படுத்துவிட்டது. கட்டாரில் வேலை சரிவந்தபோது, வெளிநாடு போகக் கேட்ட பொலிஸ் சான்றிதழில் அந்தக் குற்றம் இருந்தது.

"நான் கள்ளன் இல்ல" என்றேன் வேலைக்கு ஆள் அனுப்பும் முகவரிடம்.

"நீங்கதானே ஒத்துக்கிட்டீங்க?"

வேலை போயிற்று.

இப்போது ஊரில் யார்மீது வழக்கு வந்தாலும், முதலில் சட்டத்தரணியிடம் நானே கூட்டிப்போகிறேன். செய்யாததைச் செய்தேன் என்பதும் பொய்தான். அந்தப் பொய்யோடுதான் அன்று தொழுகையில் நின்றிருக்கிறேன்.