முல்தான்காரர்களின் கூடலூர்

ஷார்ஜாவில் நான் வகுப்பறைக்குள் காலெடுத்து வைத்ததும், தாடி நரைத்த ஆட்கள் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நிற்கிறார்கள். இன்றுவரை இது எனக்குப் பழகவில்லை. முதல் நாள், பின்னால் யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று ஒதுங்கி வழிவிட்டேன். யாரும் வரவில்லை. கூடலூரில் எங்கள் தேயிலை எஸ்டேட்டில் காலைப் பெரட்டில், வேலை பிரித்துக் கொடுக்கத் துரை வரும்போது, அப்பா இப்படித்தான் தலைத்துண்டை இறக்கிக்கொண்டு நிற்பார். அப்படி நின்றவரின் மகனுக்காக ஒருவர் எழுந்தால், உட்காரச் சொல்லக்கூடக் கூச்சமாக இருக்கிறது.

எழுந்து நிற்பவர்கள் முல்தான் பக்கத்திலிருந்து வந்த லாரி டிரைவர்கள். உருது பேசுகிறவர்கள். ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் தேறினால் கம்பெனி அவர்களை மேற்பார்வை வேலைக்கு ஏற்றும். நானோ, தேயிலை விலை விழுந்து ஃபேக்டரி பூட்டிய பிறகு, ஆங்கில பி.ஏ. பட்டத்தோடு விசிட் விசாவில் வந்தவன். பயிற்சி நிலையம் நடத்தும் பஷீர்க்கா மலப்புறத்துக்காரர். கூடலூர் கடைவீதியில் பொறுக்கிய மலையாளம்தான் அவரிடம் எனக்குச் சிபாரிசு. "ஈ பேட்ச் பாஸாயால் நினக்கு விசா. இல்லெங்கில் நாட்டிலேக்குள்ள டிக்கெட்டும் ஞான் தன்னே எடுக்காம், மோனே" என்றார். தேறினால் விசா, இல்லாவிட்டால் ஊருக்கு டிக்கெட். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்தச் சிரிப்பு என் தூக்கத்தைத் தின்றது.

எங்கள் குடும்பத்தில் ஒவ்வொரு தலைமுறையும் ஒரு கடலைத் தாண்டுகிறது. பாட்டன் தேயிலைக்காக இலங்கை போனார். அப்பா அங்கிருந்து கூடலூருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். எனக்கு அரபிக்கடல் வாய்த்தது. ஃபேக்டரி சங்கு நின்ற நாள் நினைவிருக்கிறது. சங்கு கேட்டால்தான் உலை வைப்பது தொழிலாளர் வீட்டு வரிசையான எங்கள் லயத்தில் வழக்கம். அன்று சமையலே பிந்திவிட்டது. இப்போது மளிகைக்கடை எஸ்டிடி பூத்துக்குக் கூப்பிட்டால் அம்மா பேசுவார்.

"ஃபேக்டரி தொறந்தாங்களாம்மா?"

"எங்க தொறக்குறது? வாசல்ல ஆடு மேயுது. அப்பா மொளகு பறிக்கப் போயிட்டாரு. அங்க டீயெல்லாம் எப்புடிப்பா?"

"பாலுக்கு டீயக் காட்டிட்டுத் திருப்பி எடுத்துர்றாங்கம்மா."

"அப்ப நம்ம கொழுந்து எப்புடி விக்கும்? நீ போயி நல்லாச் சொல்லிக் குடுப்பா, எல்லாம் அள்ளிப் போட்டுக் குடிக்கட்டும்" என்று சிரித்தார். விசா ஆகவில்லை என்று நான் சொல்லவே இல்லை.

பாடம் நடத்தத் தொடங்கியபோது எனக்கு ஒரே குஷி. உருதுவும் தமிழைப் போலவே வினையைக் கடைசியில் வைக்கிறது. 'நான் நேற்று கடைக்குப் போனேன்' என்பதை அதே வரிசையில் ஆங்கிலமாக்கி அவர்கள் செய்த பிழை, நான் ஏழாம் வகுப்பில் செய்து அடி வாங்கிய பிழை. எங்கள் லயத்தைப் போலவே அவர்களுக்கும் ஸ்கூல் 'இஸ்கூல்'தான். எதை எங்கே திருத்த வேண்டும் என்று என் காதுக்கு முன்கூட்டியே தெரிந்தது. அந்த உற்சாகத்தில், 'உங்கள் ஊரைப் பற்றிச் சொல்லுங்கள்' என்ற கேள்விக்கு மாதிரியாகப் பலகை நிறைய என் ஊரை எழுதினேன். மலை, மூடுபனி, வாடப்போட்ட கொழுந்தின் வாசம், காலையில் ஊதும் சங்கு. ஃபேக்டரி பூட்டியதை எழுத மனம் வரவில்லை. "இதுபோல நீங்களும்" என்று என் அரைகுறை உருதுவில் சொன்னேன். "ஜீ, உஸ்தாத்" என்றார்கள். உஸ்தாத் என்றால் வாத்தியார். மறுநாள் முதல் எல்லோரும் ஒரே குரலில் அதையே படித்தார்கள். உச்சரிப்புப் பயிற்சி என்று நினைத்து நான் பூரித்துப்போனேன்.

தேர்வன்று வராந்தாவில் நகம் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதலில் உள்ளே போன இர்ஃபான் பாய் முகமெல்லாம் பல்லாக வெளியே வந்தார். "ஏக் லஃப்ஸ் பீ நஹீ பூலா, உஸ்தாத் ஜீ!" ஒரு சொல்கூட மறக்கவில்லையாம்.

"முல்தானைப் பற்றி என்ன சொன்னீர்கள்?"

"முல்தான் பலகையில் இல்லையே?" என்று அவர் குழம்பினார். உஸ்தாத் எழுதியதில் ஓர் எழுத்தை மாற்றினாலும் மரியாதைக் குறைவு என்று வளர்க்கப்பட்டவர்கள் அவர்கள். அது எனக்குப் புரிந்தது அப்போதுதான். அதற்குள் மற்றவர்களும் ஒவ்வொருவராகப் போய்த் தேயிலை மலையில் பிறந்துவிட்டு வந்தார்கள். கடைசியில் தேர்வு நடத்திய ஆங்கிலேயப் பெண்மணியே வெளியே வந்தார். "இந்தக் கூடலூர் பாகிஸ்தானில் எங்கே இருக்கிறது?" நான் எழுந்து, கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு, "யெஸ், மேடம்" என்றேன். மனப்பாடத்துக்கு மதிப்பெண் இல்லை, மதியம் எல்லோரையும் மறுபடி கேட்பேன் என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

வாசலில் நின்ற லாரி நிழலில் எல்லோரையும் கூட்டினேன். எழுத வேண்டாம், உங்கள் ஊரைச் சொல்லுங்கள் என்று மன்றாடினேன். இர்ஃபான் பாய் கண்கலங்கினார். "புழுதியும் வெயிலும்தான் எங்கள் ஊர். அதை எப்படிச் சொல்வது? உங்கள் ஊர் அழகு, உஸ்தாத்."

"வெயிலுக்கு எங்கே படுப்பீர்கள்?"

"வாய்க்கால் கரையில், மாமரத்தடியில். அம்மா மாம்பழத்தை வாளித் தண்ணீரில் போட்டு வைப்பாள், குளிர."

"அதை இங்கிலீஷில் சொல்லுங்கள்."

சொன்னார். வினை கடைசியில் போய் உட்கார்ந்தது. திருத்த வாயெடுத்து, நிறுத்திக்கொண்டேன். பயத்தில் இருப்பவனிடம் ஒன்றைத் திருத்தினால் ஒன்பதை மறப்பான். என்னைத்தான் எனக்குத் தெரியுமே.

முடிவு வரும்வரை என் பெட்டி பாதி கட்டியபடியே கிடந்தது. தேறிவிட்டார்கள். எல்லோரும், மயிரிழையில். பஷீர்க்கா விசாவுக்குப் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார். அன்றே பூத்துக்கு அழைத்து, அதுவரை மறைத்ததையும் சேர்த்துச் சொன்னேன். நல்ல செய்தி கேட்டு அம்மா அழுதார். பிறகு மெதுவாக, ஃபேக்டரி மெஷினையெல்லாம் கழட்டி லாரியில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்றார்.

அடுத்த பேட்ச்சுக்குப் பலகையில் நான் எதுவும் எழுதவில்லை. மாதிரி சொல்லுங்கள், உஸ்தாத் என்று கேட்டால், என் வாயில் தானாக வருவது வாய்க்கால் கரையும் வாளியில் மிதக்கும் மாம்பழமும்தான். நான் பார்த்திராத ஊர். போன வெள்ளிக்கிழமை இர்ஃபான் பாய் தன் லாரியில் என்னை ஏற்றிக்கொண்டார். இருபுறமும் மணல், முன்னால் கொதிக்கும் ரோடு. ஆங்கிலம் துருப்பிடிக்கக் கூடாதென்று ஸ்டியரிங்கைத் தட்டியபடி அவர் இன்னும் ஒப்பிக்கிறார்: எங்கள் ஊர் கூடலூர், மலையெல்லாம் மூடுபனி, காலையில் ஃபேக்டரி சங்கு ஊதும். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவரைத் திருத்தவில்லை.