கீழிருந்து வந்த வெயில்

முதலில் தாடைக்குக் கீழேதான் தெரிந்தது. மிளகளவு கட்டி. முகம் கழுவிக்கொண்டிருந்த என் தங்கச்சி ஷிப்னாவே விரலால் தடவிப் பார்த்துச் சொன்னாள்: "ராத்தா, எனக்குத் தாடி முளைக்குது போல."

நான் சிரிக்கவில்லை. அவளுக்கு அப்போது பதின்மூன்று வயது. இரண்டு வயதிலேயே முகமெல்லாம் புள்ளி விழுந்து, ஏழு வயதில் நோயின் பெயரும் தெரிந்துவிட்டது: செரோடெர்மா பிக்மென்டோசம் (வெயில் தோலில் செய்யும் சேதத்தை உடலால் திருத்த முடியாத பிறவிக் குறைபாடு).

புத்தளத்தில் எங்கள் வீடு உப்பளத்துக்குப் பக்கம். உப்பு அள்ளும் நாட்களில் வாப்பாவும் உம்மாவும் விடியவே போய்விடுவார்கள். அவளைத் தனியே விட உம்மாவுக்கு மனமில்லை. அவளையும் கூடவே உப்பளத்துக்குக் கூட்டிப்போக வழி சொன்னவள் நான். உயர்தர வகுப்பில் உயிரியல் படித்துக்கொண்டிருந்த திமிர். உப்புக் குவியலை மூடுகிற தென்னோலைக் கிடுகு போலவே இரண்டு மடிப்புக் கிடுகால் பாத்தி ஓரத்தில் பந்தல் போடச் சொன்னேன். "ஒரு பொட்டு வெயில் இறங்காது உம்மா, நான் பொறுப்பு."

இறங்கவில்லைதான். பந்தலுக்குள் உட்கார்ந்து அவள் ஆறு பருவம் கதைப்புத்தகம் வாசித்தாள்.

கொழும்பில் டொக்டர் அவள் முகத்தை உயர்த்திப் பார்த்தார். நெற்றியில் பழைய புள்ளிகளைத் தவிர ஒன்றுமில்லை. தாடையின் அடி, மூக்கின் அடி, கீழிமை எல்லாம் கெட்டிருந்தன.

"இவ எங்க இருப்பா?"

"நிழல்ல டொக்டர்," என்றேன்.

"நிழலுக்கு முன்னுக்கு என்ன இருக்கு?"

"உப்புப் பாத்தி," என்றார் வாப்பா.

டொக்டர் பேனாவை வைத்துவிட்டார். வெள்ளை உப்பும் தண்ணீரும் புறஊதாக் கதிரைத் திருப்பி அனுப்பும் என்பது பாடத்தில் இருந்தது. நான் மேலே மட்டும் கூரை போட்டிருந்தேன்.

கட்டியை வெட்டினார்கள். அது தோல் புற்று. எட்டு மாதத்தில் கழுத்து நிணநீர்க் கணுக்களில் (கிருமியை வடிக்கும் சிறு முடிச்சுகள்) வந்தது.

அந்த இடையில் மரபணுப் பரிசோதனை அறிக்கை வந்தது. பல்கலைக்கழகத்தில் உயிர்இரசாயனம் படித்த நான் அதைப் பசியோடு வாசித்தேன். புறஊதாக் கதிர் பட்டால் டி.என்.ஏ. இழையில் அடுத்தடுத்த இரண்டு எழுத்துகள் ஒட்டிக்கொள்கின்றன. பழுதை வெட்டி எடுக்க, முதலில் இரட்டை இழையைப் பிரிக்க வேண்டும். அதைச் செய்யும் நொதியத்தின் (உடலின் வேதிவேலைகளை விரைவாக்கும் புரதம்) நடுவில் ஒரு துளை உண்டு. ஓர் இழை அதற்குள் கோக்கப்பட்டு இழுபடுகிறது. இழுக்கும் சக்தி, பக்கத்துப் பள்ளத்தில் எரிபொருள் மூலக்கூறு உடைவதால் வருகிறது.

ஷிப்னாவின் பிழையைத் துளையில் தேடினேன், பள்ளத்தில் தேடினேன். அங்கே இல்லை. ஓரத்தில், துணைப்புரதம் ஒன்று வந்து பிடிக்கும் இடத்தில், எழுநூற்று அறுபது அமினோ அமிலங்களில் ஒன்று மாறியிருந்தது. ஆர்ஜினின் இருக்க வேண்டிய இடத்தில் பருத்த டிரிப்டோபன். துணையின் பிடி தளர, இயந்திரம் மந்தமாகிவிட்டது.

அந்த நொதியத்தின் உருவத்தை மடிக்கணினியில் ஷிப்னாவுக்குச் சுழற்றிக் காட்டினேன்.

"இவ்வளவு அழகா இருக்கே, வேலை செய்யாதா?"

"செய்யுது. மெதுவா."

"அப்ப ஒன்னயப் போல சோம்பேறி," என்றாள். பிறகு, "பந்தல் போட்டதுக்கு நீ அழுவாத ராத்தா. அங்கதான் நான் நிறைய வாசிச்சேன்."

பதினைந்து முடிய நாலு மாதம் இருக்கையில் மௌத்தாகி எங்களை விட்டுப் போனாள்.

இதே நோயுள்ள பிள்ளையை வளர்ப்பவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது: பிள்ளை இருக்கும் இடத்தில் நீங்களும் குந்துங்கள். பிள்ளையின் கண் உயரத்திலிருந்து தரையைப் பாருங்கள். கண் கூசினால் அது நிழல் இல்லை.

அவள் இருந்தவரை எங்கள் வீட்டில் நாள், பொழுது சாயும் மஃரிப் பாங்கோடுதான் தொடங்கும். அப்போதுதான் அவளுக்காக யன்னல்களைத் திறப்போம். இன்றும் பாங்கு கேட்டதும் என் கை கொக்கியை நீக்குகிறது. வெளியே வர யாருமில்லை.

போன கிழமை உப்பளத்தின் வழியே குடையில்லாமல் நடந்தேன். தாடையின் அடி சிவந்து எரிந்தது. இரண்டு நாளில் தோல் பழையபடி ஆகிவிட்டது. அவளுக்குக் கிடைக்காத அந்தத் திருத்த வேலையை, என்னைக் கேட்காமலே, என் உடல் செய்து முடித்திருந்தது. கண்ணாடியில் அந்தச் சுத்தமான தோலை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.