காரணம்: இன்னும் வரவில்லை

என் புருஷன் செத்துவிட்டார் என்று ஒரே ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் அந்த மீன்கடை அன்றைக்கே என் பேருக்கு வந்திருக்கும். எல்லாரும் போடச் சொன்னார்கள். நல்லதுக்குத்தான் சொன்னார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நல்லதுக்குச் சொல்கிறவர்கள் மேல்தான் எனக்குக் கோபம் அதிகம் வரும். கெட்டது சொல்கிறவனை நாலு வார்த்தை திட்டிவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம். இவர்களை என்ன செய்வது?

அறுபதுகளில் இந்தோனேசியாவோடு மோதல் நடந்துகொண்டிருந்த காலம் அது. ஊரில் எங்காவது குண்டு வெடிக்கும். மறுநாளே அந்தத் தெருவில் கடை திறந்துவிடுவார்கள். காலையில் பயம், மத்தியானம் வியாபாரம், இப்படித்தான் சிங்கப்பூரில் எங்களுக்குச் சண்டைக்காலம் ஓடியது. கடலில் மட்டும் அப்படி இல்லை. இருட்டிய பிறகு படகு போகக் கூடாது என்று உத்தரவு. பகலில் போனாலும் எல்லைக்கோடு தண்ணீரில் தெரியவா போகிறது? கொஞ்சம் தள்ளிப் போனால் அந்தப் பக்கத்து ரோந்துப் படகு வந்து, ஆளையும் மீனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும்.

எங்கள் கடை தேக்கா சந்தையில், மீன் வரிசையில் கடைசிக்கு முந்தின மேடை. எங்கள் வரிசையில் மற்றவர்கள் எல்லாம் சீனர்கள். என் புருஷன் மொத்த வியாபாரியிடம் வாங்க மாட்டார். பாசிர் பாஞ்சாங் கரையிலிருந்து ஒரு மலாய்க்காரர் படகில் ஏறிக் கேலோங்குக்கே போய்விடுவார். கேலோங் என்றால் கடலுக்குள் கம்பங்களை நட்டு, மேலே பலகைக் குடிசை போட்டு, கீழே வலை விரித்து மீன் பிடிக்கிற இடம். "மீன் என் கண்ணு முன்னாடி துள்ளணும், அப்பத்தான் வாங்குவேன்" என்பார். இந்தக் கொழுப்பெடுத்த பேச்சில் மயங்கித்தான் நான் கழுத்தை நீட்டினேன்.

ஒரு நாள் காலையில் போன அவரும் படகுக்காரரும் திரும்பவில்லை. தூரத்துக் கேலோங்கில் இருந்தவர்கள் சாம்பல் நிறப் படகு ஒன்றைப் பார்த்தார்களாம். துப்பாக்கிச் சத்தம் கேட்டதாம். அவ்வளவுதான் தகவல். போலீஸில் எழுதிக்கொண்டு, தெரிந்தால் சொல்கிறோம் என்றார்கள்.

மறுநாள் நான் கடையைத் திறந்தேன். எதை வைத்துத் திறந்தாய் என்று கேட்பீர்கள். வெறும் ஐஸை வைத்துத் திறந்தேன். மேடையைக் கழுவி, ஐஸை உடைத்துப் பரப்பி, அவருடைய கத்தியை அதன்மேல் வைத்துவிட்டு நின்றேன். பக்கத்து மேடைச் சீனக் கிழவர் என்னைப் பார்த்தார். தன் கூடையிலிருந்து நாலு கொடுவாய் மீனை எடுத்து என் ஐஸின்மேல் வைத்துவிட்டுப் போய்த் தன் வேலையைப் பார்த்தார். அந்தச் சந்தையில் துக்கம் விசாரிக்கத் தெரிந்த மனுஷர் அவர் ஒருத்தர்தான்.

அதற்குப் பிறகு மீனுக்கு நானே போனேன். மத்தியானம் சந்தை அடங்கியதும் பஸ் ஏறிப் பாசிர் பாஞ்சாங் போவேன். அங்கே படகுக்காரரின் மனைவி இருந்தாள். அவளும் புருஷனைக் காணாமல் தவிக்கிறவள்தான், என்னைவிடப் பத்து வயது மூத்தவள். மக்சிக் என்று கூப்பிடுவேன், மலாயில் மூத்த பெண்களை அப்படித்தான் கூப்பிடுவோம். முதல் நாள் இரண்டு பேரும் கட்டிப்பிடித்து அழப்போகிறோம் என்று நினைத்துக்கொண்டு போனேன். அவளோ கரையோரம் பகலில் வலை போடுகிறவர்களிடம் வாங்கி வைத்திருந்த மீனை என் பக்கம் தள்ளி, "இத எடுத்துக்கோ. அது வேணாம், கண்ணப் பாரு, மங்கிப் போச்சு" என்றாள், மலாயில். அழுகிற நேரத்தில் மீன் கெட்டுப்போகும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

திரும்பி வருகிற பஸ்ஸில் கண்டக்டர் தமிழ்ப் பையன்தான். அதனால் தைரியமாகப் பேசினான்.

"அக்கா, மீன் கூடையெல்லாம் ஏத்தக் கூடாதுலா. பாசஞ்சருங்க கம்ப்ளெயின்ட் பண்றாங்க, நாறுதுன்னு."

"ஆளு நாறினா டிக்கெட் குடுத்து ஏத்துற. மீனு நாறினா ஏத்த மாட்டியா? அதுக்கும் ஒரு டிக்கெட் கிழி."

பஸ்ஸே சிரித்துவிட்டது. அவன் நிஜமாகவே கூடைக்கு ஒரு டிக்கெட் கிழித்தான், படுபாவி. அன்றிலிருந்து பின்சீட்டு மூலை என் மீனுக்குத்தான்.

இதையெல்லாம் சமாளித்துவிடலாம். ஒரு அம்மாளைத்தான் சமாளிக்க முடியவில்லை. எங்கள் கடையில் தினமும் முதல் போணி பண்ணுகிறவர் அவர். என் கை ராசி அப்படி, நான் தொட்டால் மீன் மிச்சமாகாது என்று பீற்றிக்கொள்வார். என் புருஷன் காணாமல் போன பிறகு காய்கறி வரிசையிலேயே சுற்றிச் சுற்றி வந்தார். வேறு யாராவது என்னிடம் ஒரு மீனாவது வாங்கின பிறகுதான் என் பக்கம் திரும்புவார். நாலாவது நாள் எனக்கு விளங்கியது. விடிந்ததும் என் முகத்தில் விழிக்க அவருக்கு இஷ்டமில்லை. அன்றைக்கு அவர் வௌவால் மீனைக் கையில் எடுத்ததும் சொன்னேன்.

"அத வைங்கம்மா."

"ஏன், என்னாச்சு?"

"போணி பண்றவங்களுக்குத்தான் மீனு. இத்தன நாளும் நீங்கதானே பண்ணீங்க?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "உன் நல்லதுக்குத்தாம்மா சொல்றேன். பூவும் பொட்டுமா வந்து நிக்கிறியே, நாலு பேரு என்ன பேசுவாங்க?"

"அந்த நாலு பேரும் மீன் வாங்குறவங்களா? வாங்கினா இங்க வரச் சொல்லுங்க. நேர்லயே பேசிக்கிறேன்."

வௌவாலைப் போட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் போன பிறகு எனக்கு அழுகை வந்தது. கையெல்லாம் செதில், கண்ணைத் துடைக்கக்கூட வழியில்லை. முழங்கையால் துடைத்துக்கொண்டு அடுத்த ஆளுக்கு மீன் வெட்டினேன். மறுநாள் வழக்கமாக வைக்கிற ஒரு முழத்துக்குப் பதில் இரண்டு முழம் மல்லிகை வைத்துக்கொண்டு போனேன். மீன்கடையில் இரண்டு முழம் மல்லிகையோடு நின்ற பைத்தியக்காரி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மூன்று மாதம் போனதும் சந்தை ஆபீஸில் கூப்பிட்டார்கள். அங்கே கிராணியார், அதாவது குமாஸ்தா, யாழ்ப்பாணத்துக்காரர். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா. என்னை உட்காரச் சொன்னார். ஆபீஸில் நல்ல சேதி சொல்கிறவர்கள் உட்காரச் சொல்ல மாட்டார்கள்.

"இஞ்ச பாருங்கோ தங்கச்சி. லைசென்ஸ் அவற்ற பேரில இருக்கு. ஆள் இல்லையெண்டால் கடையை எடுத்து வேற ஆளுக்குக் குடுக்கத்தான் வேணும். இதில ஒரு கையெழுத்து வையுங்கோ. கடை உங்கட பேருக்கு வந்திடும்."

"இதுல என்னங்கய்யா எழுதியிருக்கு?"

ஆங்கிலத்தில் இருந்ததை அவர் தமிழில் சொன்னார். "என் கணவர் இறந்துவிட்டதாக நம்புகிறேன்."

"நான் நம்பலையே."

"அது சும்மா எழுத்துத்தானே, தங்கச்சி."

"சும்மாதான்னா நீங்களே போட்டுக்கங்களேன்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். பயமில்லை என்று நான் சொன்னால் அது பொய். அந்த மேடை போனால் எனக்குச் சோறு கிடையாது, வாடகை கொடுக்க வழி கிடையாது. வேறு தொழிலும் தெரியாது. ஆனாலும் கை போகவில்லை. நான் செத்தார் என்று எழுதிவிட்டேன், கடையும் கைக்கு வந்துவிட்டது, நாளைக்கு அவர் வந்து நிற்கிறார் என்று வையுங்கள். எந்த முகத்தோடு அவரைப் பார்ப்பேன்? உங்களை எழுதிக் கொடுத்துத்தான் இந்த மேடையை வாங்கினேன் என்றா?

கிராணியார் திட்டவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து வெகுநேரம் துழாவி மஞ்சள் நிறத்தில் ஒரு படிவத்தை எடுத்தார். சுகமில்லாமல் கிடக்கிறவர்களுக்கும் வெளியூர் போனவர்களுக்கும் உள்ள படிவமாம். உரிமைக்காரர் தற்காலிகமாக இல்லை, அவருக்குப் பதில் நான் கடையைப் பார்க்கிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

"இது ஒரு கிழமைக்குத்தான் செல்லும். ஏழு நாளைக்கு ஒருக்கா நீங்கள் வந்து புதுசா எழுத வேணும். ஒருக்காத் தவறினாலும் கடை போயிடும். ஏலுமோ?"

"ஏலும்" என்றேன், அவர் பேச்சிலேயே.

அந்தப் படிவத்தில் காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது. எனக்கு ஆங்கிலம் வராது. தமிழில் எழுதினேன்: இன்னும் வரவில்லை.

திங்கட்கிழமை எங்கள் சந்தைக்கு விடுமுறை. மற்றவர்கள் அன்றைக்குத்தான் தூங்குவார்கள், சினிமாவுக்குப் போவார்கள். நான் ஆபீஸுக்குப் போனேன், ஒவ்வொரு திங்கட்கிழமையும். சிராங்கூன் ரோட்டில் முழங்கால் அளவு வெள்ளம் ஓடின அன்றும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போனேன். செத்தார் என்றால் ஒரு கையெழுத்தோடு முடிந்திருக்கும். வரவில்லை என்று வாரா வாரம் போட வேண்டியிருந்தது. எத்தனை போட்டால் என்ன, போட்டுத்தான் பார்ப்போமே என்று இருந்தேன்.

கொஞ்ச நாளில் அந்த இரண்டு வார்த்தை எனக்குப் போதவில்லை. கட்டத்தில் இடம் நிறைய மிச்சம் இருந்தது. "இன்னும் வரவில்லை. இந்த வாரம் இறால்தான், வேறு ஒன்றும் இல்லை" என்று ஒரு வாரம் எழுதினேன். "இன்னும் வரவில்லை. தராசுக்குப் புதுச் சங்கிலி போட்டேன்" என்று இன்னொரு வாரம். மேலதிகாரிக்குத் தமிழ் தெரியாது. கிராணியார் வாங்கிப் பார்ப்பார், முத்திரை குத்துவார், கோப்பில் வைப்பார். ஒரு வாரம் காய்ச்சலோடு போய் அதையும் எழுதிவிட்டு வந்தேன். அடுத்த வாரம் நான் வாயைத் திறப்பதற்கு முன்னால், "காய்ச்சல் மாறிட்டுதோ?" என்று கேட்டார்.

என் புருஷன் காணாமல் போய் எட்டு மாதம் ஆனபோது, காலை வியாபார நேரத்தில் மக்சிக் என் கடை முன்னால் வந்து நின்றாள். பக்கத்தில் எலும்பும் தோலுமாக ஒரு ஆள். படகுக்காரர்தான். வயதானவர் என்று அவரை மட்டும் விட்டுவிட்டார்களாம்.

"உன் புருஷன் உசிரோட இருக்காரு" என்றார்.

ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன். ஐயோ, அந்த ஒரு வார்த்தைக்காக நான் என்னவெல்லாம் பட்டேன்! மக்சிக் என் கையைப் பிடித்துக்கொண்டாள். முதல் தடவையாக இரண்டு பேரும் அழுதோம்.

படகுக்காரர் மெதுவாக மிச்சத்தையும் சொன்னார். என் புருஷன் ஒரு சேதி சொல்லி அனுப்பியிருந்தார். "எப்ப விடுவாங்கன்னு தெரியாது. ஆள் இல்லாட்டி கடைய எடுத்துடுவாங்க. நான் செத்துட்டேன்னு எழுதிக் குடுத்துட்டு கடைய உன் பேருக்கு மாத்திக்கோ. எனக்காகப் பாக்காதே."

உயிரோடு இருக்கிறார் என்ற சந்தோஷம் முழுசாக உள்ளே இறங்குவதற்குள் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. ஊரே சொன்னது, ஆபீஸ் சொன்னது, தாங்கிக்கொண்டேன். இந்த மனுஷனும் அங்கே உட்கார்ந்துகொண்டு அதையேவா சொல்வது? நான் இங்கே இரண்டு முழம் பூ வைத்துக்கொண்டு ஊர் வாயில் விழுவது யாருக்காக? நன்றாக வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். படகுக்காரர் சிரித்தார். "அவ கேக்க மாட்டான்னு நான் அப்பவே அவருகிட்ட சொன்னேன்" என்றார்.

அந்தத் திங்கட்கிழமை, பேனா நிப்பு காகிதத்தைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்தி எழுதினேன்: "இன்னும் வரவில்லை. வரட்டும், இருக்கிறது அவருக்கு." கிராணியார் அதைப் படித்துவிட்டுக் குனிந்துகொண்டார். அவர் தோள் குலுங்கியது. முத்திரையைக் கோணலாகக் குத்திவிட்டார்.

சண்டை ஓய்ந்து, பிடித்து வைத்திருந்தவர்களை விட ஆரம்பித்தபோது இன்னும் ஒரு வருஷத்துக்குமேல் ஓடியிருந்தது. என் புருஷன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். சந்தையில் தோளோடு தோள் இடிக்கிற கூட்டம். சீனக் கிழவர்தான் முதலில் பார்த்தார். கையிலிருந்த கத்தியை வைத்துவிட்டு என் கையைத் தட்டினார். நிமிர்ந்தால் தாடியும், யாருடையதோ தொளதொளச் சட்டையுமாக இவர் நிற்கிறார். ஐஸையும் மீனையும் தன் கத்தியையும் மாறி மாறிப் பார்த்தார். வெட்டிக்கொண்டிருந்த மீனை வெட்டி முடித்து, பொட்டலம் கட்டி ஆளிடம் கொடுத்துவிட்டுத்தான் மேடையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தேன். அதற்குமேல் நடந்ததைச் சொல்ல மாட்டேன்.

மறுநாள் திங்கட்கிழமை. "உடம்பு முடியல, இன்னொரு நாளு போலாமே" என்றார்.

"ஒரு வாரம் தவறினா கடை போயிடும். நடங்க."

எங்களைப் பார்த்ததும் கிராணியார் எழுந்து நின்றுவிட்டார். யார் என்று நான் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அலமாரியிலிருந்து அந்தக் கோப்பை எடுத்து இவர் முன்னால் வைத்தார். இவர் நின்றபடியே படிக்க ஆரம்பித்தார். தாள் தாளாகப் புரட்டினார். இறால், தராசுச் சங்கிலி, வெள்ளம், காய்ச்சல், எல்லாம் வந்தது. இடையில் இரண்டு முறை கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஒரு தாளில் நின்றார். எந்தத் தாள் என்று கோணல் முத்திரையைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

"என்ன இருக்கு எனக்கு?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு நான் ஒரு வருஷமாகத் தயார் செய்து வைத்திருந்த திட்டு அவ்வளவு இருந்தது. பஸ்ஸில் போகும்போது, மீன் வெட்டும்போது, படுக்கும்போது என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து வைத்தது. ஒன்றுகூட வாயில் வரவில்லை. அத்தனை பேர் வரிசையில் நிற்கிற ஆபீஸில் ஓவென்று அழுதேன்.

கிராணியார் ஒரு மஞ்சள் தாளை எடுத்து என் பக்கம் தள்ளினார். இது இனி எனக்குத் தேவையில்லை என்று அவருக்கும் தெரியும்.

"இந்தக் கிழமை என்ன எழுதப் போறீங்கள், தங்கச்சி?"

பேனாவை வாங்கிக் காரணம் என்ற கட்டத்தில் எழுதினேன்: வந்துவிட்டார். கையெழுத்தை இவர் போட்டார்.