அத்தை எடுத்த ஜாக்கெட் துணி

கோபித்துக்கொண்டு கிளம்புவது என் அத்தைக்குக் கைவந்த கலை. அப்பாவின் அக்கா அவள். அவள் பாதியில் எழுந்து போகாத விசேஷம் எங்கள் குடும்பத்தில் நடந்ததே இல்லை. சித்தப்பா கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க ஆர்.எஸ்.புரம் போனபோதும் அப்படித்தான். முகூர்த்தப் புடவைக்கு அம்மா அரக்கு நிறத்தைக் காட்டினாள். துவைத்துக் காயப்போட்ட மாதிரி இருக்கிறது என்றாள் அத்தை. அம்மா பதிலுக்கு ஏதோ முணுமுணுத்தாள். “உங்க இஷ்டத்துக்கே எடுங்க, நான் பஸ்ஸுல போயிக்கறேன்” என்று அத்தை படியிறங்கிவிட்டாள். யாரும் தடுக்கவில்லை.

எனக்குப் பெரிய நிம்மதி. அப்போது இரண்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். என்னைக் கண்டாலே வகிடு கோணல், நகத்தில் அழுக்கு என்று ஆரம்பித்துவிடுவாள் அத்தை. எனக்குப் பிடித்தவள் அம்மாவின் தங்கையான சித்திதான். “என்ற தங்கமே” என்று அள்ளி மடியில் வைத்துக்கொள்வாள். அன்றும், “பாப்பாவ நான் பாத்துக்கறேன், நீ பொடவையப் பாருக்கா” என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாள்.

புடவைக் குவியலுக்குப் பின்னால் நான் தூங்கிப்போனேன். எங்கள் கூட்டம் இரண்டு வேன்களில் வந்திருந்தது. ஒன்றில் அப்பா வீட்டார், மற்றதில் அம்மாவின் பிறந்த வீட்டார். நான் இரண்டுக்கும் சொந்தக்காரி. சித்தியோடு இருப்பேன் என்று அம்மா நினைத்தாள். அம்மாவிடம் போயிருப்பேன் என்று சித்தி நினைத்தாள். இரண்டு வண்டிகளும் டிபன் சாப்பிட ஓட்டலுக்குக் கிளம்பிவிட்டன.

விழித்தபோது கடைப் பெண்கள் புடவை மடித்துக்கொண்டிருந்தார்கள். தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. நான் போட்ட அலறலில் கடை முதலாளியே எழுந்து வந்தார். இனி இங்கேயே புடவை மடித்துத்தான் பிழைக்க வேண்டும் என்று அழுகைக்கு நடுவில் முடிவே செய்துவிட்டேன்.

அப்போதுதான் மூச்சிரைக்கப் படியேறி வந்தாள் அத்தை. எதிரே பஸ் ஸ்டாப்பில் நின்றவள், இரண்டு வேன்களும் போவதைப் பார்த்திருக்கிறாள். ஜன்னலோரத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காத என் தலை எந்த வண்டியிலும் தெரியவில்லை. என்னைக் கண்டதும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்சவில்லை. முந்தானையால் என் மூக்கைத் தோலுரியத் துடைத்தாள். அவ்வளவு சந்தோஷமாக நான் யாரிடமும் மூக்கைக் காட்டியதில்லை.

பிறகு அப்பாவுக்குப் போன் போட்டாள். “தம்பி, பாப்பா என்ற கூடத்தான் இருக்குது. ஜாக்கெட் துணி எடுக்கோணும்னு நான் கெளம்பறப்பவே கூட்டிட்டு வந்துட்டேன். சொல்ல மறந்துபோட்டேன்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சொன்னதோடு நிற்காமல், நிஜமாகவே ஒரு பச்சை ஜாக்கெட் துணியும் எடுத்துக்கொண்டுதான் ஆட்டோ ஏறினாள்.

ஓட்டலில் பெண் வீட்டாரும் இருந்தார்கள். பெற்றவளுக்குப் பிள்ளையைவிடப் பட்டு பெரிதாகப் போய்விட்டது என்று அதுவரை அம்மாவைச் சொல்லிக்கொண்டிருந்த வாய்களெல்லாம் இப்போது அத்தை பக்கம் திரும்பின. அம்மா என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நாத்தனாரிடம் எப்போதும் பதமாகப் பேசுபவள், அன்று எல்லார் முன்னாலும் வெடித்தாள். “ஏனுங்க நங்கையா, ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக் கூடாதுங்களா? எனக்கு உசுரே போயிருச்சுங்க!”

அத்தை இப்போது எகிறுவாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவளோ, “எம்மேலதான் தப்பு அம்மணி” என்று முடித்துக்கொண்டாள். உண்மையைச் சொல்ல நான் வாயைத் திறந்தேன். அதற்குள் ஒரு மைசூர்பாகைத் திணித்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அம்மாவிடம் அத்தையின் பொய்யைப் போட்டு உடைத்தேன். அத்தைக்கு நல்ல மண்டகப்படி கிடைக்கும் என்று ஆசையாக இருந்தது. அம்மா என்னை இன்னொரு முறை முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

கல்யாணத்தன்று மண்டபத்தின் முன்வரிசையில், தன் பக்கத்து நாற்காலியில் அம்மா கைக்குட்டை போட்டு வைத்திருந்தாள். சித்தி உட்காரப் போனாள். “அது நங்கையாளுக்கு” என்றாள் அம்மா. பச்சை ஜாக்கெட்டை எதற்கும் பொருந்தாத ஒரு புடவையோடு போட்டுக்கொண்டு வந்த அத்தை, உட்கார்ந்ததும் என் வகிடு கோணல் என்றாள். அம்மா சீப்பை அவள் கையில் கொடுத்தாள். பொய் சொல்லிப் பிடிபட்ட ஒருத்திக்கு இத்தனை மரியாதை எதற்கு என்று எனக்கு விளங்கவே இல்லை.