பெல்ட்டைக் கழற்றிய பிறகும்

தையல்காரம்மாவின் மிஷினுக்கு நான் மூன்று முறை வைத்தியம் பார்த்தேன். எண்ணெய் விட்டேன், பெல்ட் மாற்றினேன், மிதிபலகையின் திருகை முடுக்கினேன். இந்த வட்டாரத்தில் என் கை படாத தையல் மிஷின் இல்லை என்று பீற்றிக்கொள்கிறவன் நான். ஆனாலும் அவர் சும்மா கால் வைத்தாலே அது தானாக ஓடியது.

"பேய்தான், வேறென்ன? அக்கா தைக்கலேன்னா அதுவே தைக்குது" என்று அவருடைய தம்பி கிண்டலடித்தார். மூட்டை தூக்குகிறவர், ஆள் இரும்பு மாதிரி.

நான்காம் முறை எரிச்சலில் பெல்ட்டையே கழற்றித் தோளில் போட்டுக்கொண்டேன்.

"இப்ப கால வைங்கம்மா."

வைத்தார். மேலே ஊசி அசையவில்லை. கீழே மிதிபலகை மட்டும் தடதடவென்று ஆடியது. கோளாறு மிஷினில் இல்லை, அவருடைய காலில்.

"நான் ஆட்டலப்பா" என்றார் மெதுவாக. "அதுவா ஆடுது."

ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்தால், முதுகுத்தண்டைக் கெடுக்கும் ஒரு வைரஸாம். தாய்ப்பாலில் வந்து நாற்பது வருஷம் ஓசைப்படாமல் உள்ளே குடியிருந்திருக்கிறது. தம்பியையும் சோதித்தார்கள். அதே தாயின் பால், அதே வைரஸ். அவரோ மூட்டை தூக்கிக்கொண்டேதான் இருக்கிறார். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் இப்படிக் கால் போவது ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அதிகம், ஏனென்று முழுசாகத் தெரியவில்லை என்றாராம் டாக்டர். அதன்பிறகு தம்பி பேய்ப் பேச்சே எடுப்பதில்லை. "எனக்கு வந்திருக்கலாம்ல" என்று ஒருநாள் என் கடை வாசலில் நின்று அழுதார்.

தையல்காரம்மாவின் கவலை தன் காலைப் பற்றியதல்ல. ஒரே மகள். செல்லம் கொடுத்து, மூன்று வயதுவரை பால் கொடுத்து வளர்த்தவள். அவளுடைய ரிப்போர்ட்டும் வந்தது. அவளுக்கும் இருக்கிறது.

இப்போது மகள்தான் தைக்கிறாள். அம்மா ஊன்றுகோலோடு எதிரே உட்கார்ந்து, துணியைப் பார்க்காமல் அவள் காலையே பார்க்கிறார். போன வாரம் நான் எண்ணெய் விடப் போனபோது, மகள் ஒரு தையலை முடித்துக் காலை எடுத்தாள். சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

"நிறுத்துடி!"

"கால எடுத்துட்டேம்மா. அது வேகத்துல சுத்துது."

எந்த மிஷினும் அப்படித்தான் சுற்றும். சொல்ல வாயெடுத்தேன். கோளாறு மிஷினில்தான் என்று மூன்று முறை சொன்ன வாய் இது. திரும்பி எண்ணெய்க் குப்பியை மூடினேன். அம்மா தட்டுத்தடுமாறி எழுந்துவந்து சக்கரத்தின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினார். அது நின்ற பிறகும் கையை எடுக்கவில்லை.